வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம்

திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கோரத்தில், குமரி மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது வடக்கன்குளம். இயேசு சபையினர் பணியாற்றிய பழைய பங்கு இது. திருவிதாங்கூர் அரசு அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளை 1745இல் இங்கேதான் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 2022இல் புனிதர் பட்டம் பெற்றார்.

இங்குள்ள திருக்குடும்ப ஆலயம் 1872இல் எழுந்தது. அதன் அமைப்பே ஊரின் சாதிக் கதையைச் சொல்லிவிடும். விரித்து வைத்த கால்சட்டையின் இரு கால்களைப் போல நீண்ட இரண்டு மண்டபங்கள். அவை கூடும் இடத்தில் பலிபீடம். ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார். இரு தரப்பாரும் ஒரே பூசையைக் கண்டார்கள், ஒருவரையொருவர் காணவில்லை. வழிபாட்டுக்காகக் கட்டிய கலையில் இவ்வளவு வேதனையான திறமை வேறெங்கும் அரிது.

இரு மண்டபங்களையும் பிரித்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. வேளாளர் தரப்பு அதைத் திரும்பக் கட்டக் கேட்டு வழக்காடியது. 1917இல் அச்சில் வந்த சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு, சாதிக்கென்று கோயிலில் தனியிடம் கோரும் அந்த உரிமையை ஏற்கவில்லை.