மகளிர் குழுவிலிருந்து வாட்ஸ்அப் குழு வரை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நாகரசம்பட்டி போன்ற ஊர்களில் இன்று 'குழு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கூடிச் சேமிக்கும் மகளிர் சுயஉதவிக் குழு. மற்றொன்று, கைப்பேசிக்குள் இருக்கும் வாட்ஸ்அப் குழு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ கால் நூற்றாண்டு இடைவெளி. சிறுவணிகர்களும் ஊர்மக்களும் சமூக ஊடகத்தைத் தொழிலுக்கும் பொதுக்காரியத்துக்கும் பயன்படுத்தக் கற்ற வரலாறு கைப்பேசியிலிருந்து தொடங்குவதாகப் பலரும் எண்ணுகின்றனர். இந்த வட்டாரத்தில் அது முதற்குழுவிலிருந்தே தொடங்குகிறது.

தர்மபுரியில் முதல் குழுக்கள்

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் சுயஉதவிக் குழுக்களை அமைக்கும் பணியை அது 1989 செப்டம்பரில் முதன்முதலாகத் தர்மபுரி மாவட்டத்தில் மேற்கொண்டது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்றுதான். ஆகவே நாகரசம்பட்டியும் சுற்றுவட்டாரமும் அப்போது தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவையே. தமிழகம் முழுவதும் பின்னர் பரவிய ஓர் இயக்கத்துக்கு இந்த வறண்ட மாவட்டம் நாற்றங்காலாக இருந்தது என்பது அதிகம் பேசப்படாத செய்தி.

பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வரை கொண்ட அக்குழுக்களில் கற்றுக்கொண்டவை எளியவை: கையெழுத்துப் போடுவது, தீர்மான நோட்டு எழுதுவது, வரவு செலவை எல்லார் முன்னும் வாசிப்பது, வங்கி மேலாளரிடம் தயங்காமல் பேசுவது. விற்பனைதான் கடைசிவரை கைகூடாமல் இருந்தது. ஊறுகாய், மசாலாப் பொடி, நிப்பட்டு என்று பொருள் செய்ய முடிந்தது. அதைச் சந்தைக்கும் அரசுக் கண்காட்சிக்கும் அப்பால் கொண்டுபோக வழி இல்லை.

மா விவசாயிகளின் நிலையும் அதுவே. இம்மாவட்டத்தில் பெருமளவு விளையும் பெங்களூரா மாம்பழம் கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. காய் மரத்தில் நீண்ட நாள் நிற்காது; பறித்த பின் வீட்டிலும் வைத்திருக்க முடியாது. அடுத்த மண்டியில் என்ன விலை என்று தெரியாதவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

புதுச்சேரியின் ஒலிபெருக்கி

செய்தியைக் கணினி வழியே சிற்றூருக்குக் கொண்டுவந்த முன்னோடி முயற்சி புதுச்சேரியில் நடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் உதவியுடன் 1998இல் 'தகவல் கிராமம்' திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் மையம். அங்கிருந்து கம்பியில்லாக் கருவிகள் வழியாகச் சுற்றியுள்ள ஊர்களுக்குச் செய்தி போயிற்று. இடத்தை ஊரே இலவசமாகத் தரவேண்டும், எந்தச் சாதியாரையும் உள்ளே வராதே என்று சொல்லக்கூடாது என்பவை நிபந்தனைகள். எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே நிலையம் அமைந்தது. நடத்தியவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள்.

வீராம்பட்டினம் மீனவர்களுக்குத் தேவைப்பட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அது கிடைத்தது. நிலையத்தில் இருந்தவர் அதை இறக்கித் தமிழில் எழுதி ஒலிபெருக்கியில் வாசித்தார். கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் இணையம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலேயே அதன் பயனைப் பெற்றார். படிக்கத் தெரியாதவருக்குக் கணினியைக் கற்பிக்க முயலாமல், அவர் ஏற்கெனவே அறிந்த கருவியோடு அதை இணைத்தது இத்திட்டத்தின் நுட்பம். பின்னால் வந்த பல அரசுப் பயிற்சிகளில் காணாமற்போனதும் இதுவே.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, கடல் பொங்கி வரக்கூடும் என்று எச்சரித்தார். ஊரார் நிலையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லாரையும் வெளியேற்றினர். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் பிழைத்தன.

இதையடுத்து மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐஐடியின் துணையோடு 2001 வாக்கில் கிராம இணைய நிலையங்கள் வந்தன. கட்டணம் வாங்கித் தாமே பிழைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. சில ஆண்டுகளில் பல நிலையங்கள் மூடப்பட்டன.

கைப்பேசி வந்தபின்

கைப்பேசி சிறுவணிகத்தை என்ன செய்தது என்பதற்குக் கேரளக் கடற்கரை நல்ல சான்று. பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 1997 முதல் 2001 வரை அங்கே மத்திச் சந்தைகளை ஆராய்ந்தார். 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டிவிட இருந்தனர். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்பவிருந்தனர். கைப்பேசி வந்ததும் இந்த வீணடிப்பு ஏறத்தாழ மறைந்தது. மீனவரின் ஆதாயம் 8 விழுக்காடு கூடியது. வாங்குவோருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. பெங்களூரா மாங்காயை வைத்து இந்தக் கணக்கை யாரேனும் போட்டுப் பார்த்திருக்கலாம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்த பிறகே திறன்பேசி பரவலாகச் சிற்றூர்களுக்குள் நுழைந்தது. அதே ஆண்டில் யுபிஐ பணப் பரிமாற்றமும் தொடங்கியது. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் வெளிவந்தது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக வழங்கும் கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதியில் குரல்பதிவு பெரிய வசதி. எழுத்து தெரியாதவரும் தம் மொழியில் சரக்கைச் சொல்லி அனுப்ப முடிந்தது.

2018இல் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் பேரன்மாரும் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. தமிழ் யூடியூப் அலைவரிசைகளில் அதுவே முதலாவது. வயற்காட்டில் சமைப்பதைத் தவிர அதில் வேறு வித்தை எதுவும் இல்லை.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. வாரச்சந்தைகள் நின்றன. மாம்பழப் பருவமும் கூடவே வந்தது. தமிழகத்தில் பல விவசாயிகள் பழத்தைப் படமெடுத்துக் குழுக்களில் போட்டு, நேரே வீடுகளுக்கு விற்கக் கற்றது அந்த நெருக்கடியில்தான்.

கற்கவேண்டியது பொத்தானை அழுத்துவது மட்டும் அன்று. வீட்டில் செய்த தின்பண்டத்தை விற்கவும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். சிறுவணிகருக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்; 14 இலக்க எண் ஒன்று தருவார்கள், அதைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். விலை, எடை, தயாரித்த நாள் ஆகியவற்றைப் படத்தோடு எழுதவேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை ஒருபோதும் இடத் தேவையில்லை. இடச் சொன்னால் அது மோசடி. ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். சிறுவணிகர் பலர் பணத்தை இழந்த பிறகே இதைக் கற்கின்றனர்.

வதந்தியின் விலை

2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த குடும்பத்தினர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். பிள்ளை பிடிக்கும் கும்பல் உலவுகிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி அப்போது வட மாவட்டங்களில் பரவியிருந்தது. கூட்டம் அவர்களை அடித்தது. ஒரு மூதாட்டி இறந்தார். மாங்காய் விலையைச் சொன்ன அதே கருவிதான் இதையும் பரப்பியது. நாட்டின் பிற பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நடந்தபின், அவ்வாண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது.

2023 மார்ச்சில் தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் பரவின. வேறிடத்து நிகழ்ச்சிகளின் படங்களைத் தமிழகத்தில் நடந்ததாகக் காட்டினர். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. ஓசூர் போன்ற தொழில் நகரங்கள் அத்தொழிலாளர்களைப் பெரிதும் நம்பியிருப்பவை. அவர்கள் ஊர் திரும்பினால் இயந்திரம் நிற்கும்.

வேறொரு வகை இடரும் உண்டு. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, தமிழகச் சிற்றூர்களில் அதன் மூலம் பார்வையாளரைச் சேர்த்தவர்கள் ஒரே இரவில் அவர்களை இழந்தனர். 2021 அக்டோபர் 4 அன்று இரவு பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் முடங்கின. வாடிக்கையாளரின் எண்ணை நோட்டிலும் எழுதி வைத்திருந்தவருக்கு மட்டும் அழைத்துப் பேச வழி இருந்தது. சுயஉதவிக் குழுக்களின் பழைய நோட்டுப் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

இன்னும் தீராத ஒன்று, கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்பது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் ஏறத்தாழ 70 விழுக்காடு. பெண்கள் 47 விழுக்காடே. ஊறுகாய் போடுவது குழுவின் பெண். ஆர்டர் வருவது மகனின் எண்ணுக்கு. பணம் சேர்வது கணவரின் கணக்கில். தன் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும் என்பது 1989இல் குழு கற்பித்த முதற்பாடங்களுள் ஒன்று. தன் பெயரில் ஒரு கைப்பேசி எண் என்பது பல வீடுகளில் இன்னும் வரவில்லை.