நகரும் நிழலும்

நகர்க்கு மதில் அரணாதல் போன்றே மரச்செறிவும் அரணாம் எனக் கொண்டவர் பழந்தமிழர். அக்கொள்கையின் நிலையினையும் அது இற்றை நகரங்கட்கு உணர்த்துவதனையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

திருவள்ளுவர் அரணின் உறுப்புகளாக நீர், நிலம், மலை, காடு என்னும் நான்கனைக் கூறுமிடத்துக் காட்டிற்கு நிழலை அடையாக்கினார். செறிவினை உணர்த்தவே நிழல் கூறினார் எனலுமாம். எனினும், பகைவர்க்குத் தடையாகும் காடு உள்ளுறைவார்க்கு நிழலாதலையும் அவ்வடை உடன்கொண்டு நிற்றல் காண்க. மதிற்புறத்துக் காவற்காடு 'மிளை' எனவும், வேந்தர்க்குரிய காவல்மரம் 'கடிமரம்' எனவும் வழங்கின. செங்குட்டுவன் பழையனது வேம்பினை வெட்டிய செய்தியைப் பதிற்றுப்பத்தால் அறிகின்றோம். காவல்மரம் வீழ்தல் அரசு வீழ்தலாகவே கருதப்பெற்றது.

புகார் நகரைச் சார்ந்து இலவந்திகை, உய்யானம், சம்பாதிவனம், கவேரவனம், உவவனம் என்னும் சோலைகள் இருந்தமையை மணிமேகலை மலர்வனம் புக்க காதை உரைக்கின்றது. சோலையைக் குறிக்கும் 'தண்டலை' என்னும் சொல்லிலேயே தண்மை வெளிப்படை.

மதுரையின் நிலை வேறு. குலசேகர பாண்டியன் கடம்பவனத்தைத் திருத்தி அந்நகரை எடுப்பித்தான் என்பது திருவிளையாடற் புராணம் கூறும் மரபு. புராணச் செய்தி வரலாற்றுச் சான்றாகாது. ஆயினும் காட்டை அழித்தே நகர் எழுந்தது என்னும் நினைவினை அது காத்துள்ளது. வனம் மறைந்தது, பட்ட கடம்ப மரமொன்று மீனாட்சியம்மன் கோயிலிற் காப்பிட்டுப் போற்றப்பெறுகின்றது.

நினைவிற்கு ஒரு மரம் அமையும். வெப்பந் தணித்தற்கு அமையாது. நகரத்து இரவு சுற்றுப்புறத்து இரவினும் வெப்பமிக்கது என்பதனை லூக் ஹோவர்டு இலண்டன் மாநகரின் தட்பவெப்பம் பற்றி 1818-20இல் வெளியிட்ட நூலில் அளந்து காட்டினார். கல்லும் தாரும் பகலிற் கொண்ட வெப்பத்தை இரவில் உமிழ்கின்றன. மரமோ நிழலால் வெயிலைத் தடுப்பதோடு, இலைவழி நீரை ஆவியாக்கியும் சூழலைக் குளிர்விக்கின்றது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் செலவாகும். தனிமரத்தின் பயன் அதன் அடியளவில் நிற்க, தோப்பின் பயன் தெருவளவிற் பரவுகின்றது.

இவ்வியற்பியலைப் பண்டையோர் அறிந்திருந்தனர் என யாம் கூறோம்; அவர் நட்டது காவலும் வழிபாடும் இன்பமும் கருதியே. நகர்மரங்கள் உலக வெப்பவுயர்வை முற்றும் தடுக்கும் எனவும் கூறோம். ஆயின் அவ்வுயர்வோடு நகரின் தனிவெப்பமும் கூடி மக்களை வருத்தும் இந்நாளில், மிளை என்னும் கருத்து மீண்டும் பொருளுடையதாகின்றது. சாலை அகலவும் மனை பெருகவும் வேண்டி மரங்களை வீழ்த்துவார் பகைவரல்லர், அந்நகரத்தாரே. பழையனது வேம்பினை வெட்டியவன் மாற்றரசன். நம் கடிமரங்களை வெட்டுவார் நாமே என்பதனை எண்ணுதல் வேண்டும்.