பயொப்சி முடிவுக்கான காத்திருப்பு: மலையகத் தோட்டங்கள்

பயொப்சி எனும் பரிசோதனைக்காகப் புரொஸ்டேட் சுரப்பியிலிருந்து ஊசியால் எடுத்த சதைத்துணுக்குகளின் முடிவு வரும்வரை நோயாளி கழிக்கும் நாட்களுக்கு மருத்துவ நூல்களில் தனி இடம் கிடைப்பது அரிது. இலங்கையின் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழ் ஆண்கள் பலருக்கு, சிகிச்சையைவிடக் கடினமாக அமைபவை இந்த நாட்களே.

மருத்துவப் பின்னணி

புரொஸ்டேட், சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்த, ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. வயது ஏற இது பெரிதாகும். இரவில் பலமுறை எழுவதும் சிறுநீர் தடைப்படுவதும் பெரும்பாலும் அந்த வீக்கத்தால் வருபவை, புற்றுநோயால் அல்ல. பி.எஸ்.ஏ. எனப்படும் இரத்தப் பரிசோதனையில் அளவு ஒரு மில்லிலீற்றருக்கு 4 நானோகிராமுக்கு மேல் இருந்தால் சந்தேகம் எழும். கிருமித்தொற்றும் சாதாரண வீக்கமும்கூட அதை உயர்த்தும். 4 முதல் 10 வரை அளவுள்ளவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே புற்றுநோய் காணப்படுகிறது.

வழமையான பயொப்சியில், அல்ட்ராசவுண்ட் கருவியின் துணையோடு சுமார் 12 துணுக்குகள் எடுக்கப்படும். அவற்றை போர்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்று இருந்தால் அதன் வீரியத்தை, அமெரிக்க நோயியல் வைத்தியர் டொனால்ட் கிளீசன் 1966இல் வகுத்த முறைவழி வந்த தரவரிசையில் குறிப்பார்கள். ஐயத்துக்கிடமான துணுக்குக்கு வேறு சாயங்களும் தேவைப்படும். ஆகவே முடிவு தாமதமாவது கெட்ட செய்தியின் அறிகுறி ஆகாது. இதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிக் கலக்கம் குறையும்.

காத்திருப்பின் வரலாறு

தங்கள் உடலைப் பற்றியோ வாழ்வைப் பற்றியோ வேறெங்கோ எழுதப்படும் முடிவுக்காகக் காத்திருப்பது மலையகத் தமிழருக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் பலர் கொலராவுக்கு இரையாகினர். அந்த இறப்புகளின் அழுத்தத்தில் 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1912இல் அத்துறைச் சட்டங்கள் மீண்டும் திருத்தி அமைக்கப்பட்டன. தோட்டத்து டிஸ்பென்சரி அப்படித்தான் வேரூன்றியது.

1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் ரயிலில் வந்தவர்களை மண்டபம் முகாம் எதிர்கொண்டது. இலங்கை அரசாங்கமே இந்தியக் கரையில் நடத்திய அம்முகாமில், கொலரா, பிளேக் ஐயத்தின் பேரில் ஆட்களைச் சில நாட்கள் தடுத்துவைத்து, அம்மைப்பால் குத்தி, நோயில்லை என்று உறுதியான பிறகே கப்பலேற்றினர். 1916இல் ரொக்கபெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாக மலமாதிரி சேகரித்து, நுண்ணோக்கியில் பார்த்து, புழு கண்டவர்களுக்கு கெனோபோடியம் எண்ணெய் கொடுத்தனர். நுண்ணோக்கியின் தீர்ப்பு தோட்டத் தொழிலாளியின் வாழ்வுக்குள் பெருமளவில் நுழைந்தது அப்போதுதான் எனலாம்.  நோயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தோட்டத் துரைக்கும் வைத்தியருக்கும் இடையே நடந்தது.

இவையெல்லாவற்றையும்விட நீண்ட காத்திருப்பு குடியுரிமைக்கானது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல்தான் முடிவாயிற்று. எந்தப் பக்கம் தங்கள் பெயர் விழும் என்று குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. நாடற்ற நிலை முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. இன்று அறுபது, எழுபது வயதில் பயொப்சிக்குப் போகும் ஆண்கள் அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகள். "எழுதினது எழுதினதுதான்" என்று அவர்கள் வாய்மூடி இருப்பதைச் சிலர் மனவுறுதி என்பர். கேள்வி கேட்கப் பழக்கப்படாததன் விளைவு என்பதே பொருத்தம்.

தோட்டச் சூழல்

தோட்ட மருத்துவம் தொழிலாளர் படையைக் காக்க எழுந்தது. கொள்ளைநோய், புழு, பிரசவம் ஆகியவை அதன் கவனத்தில் இருந்தன. வேலையிலிருந்து நின்ற முதியவரின் சிறுநீர்ச் சிக்கல் அதில் இடம்பெற்றது அரிது.

லயத்துக் காம்பராவில் தனிமை கிடையாது. கழிப்பறை பெரும்பாலும் வெளியே. கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவின் குளிரில் இரவு நான்கு தடவை கதவு திறக்கும் சத்தம் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். "மாமாவுக்கு சீனி வியாதியா?" என்ற விசாரணை வரும். பயொப்சிக்குப் பின் சிறுநீரிலும் விந்திலும் இரத்தம் வருவது வழமை, விந்தில் சில வாரம்கூட நீடிக்கும். அதை மனைவியிடமும் சொல்லக் கூசி, நோய் முற்றிவிட்டது என்று தானாகவே தீர்மானித்துக்கொள்பவர் உண்டு.

நாட்கூலி வாழ்வில் கிளினிக்குக்குப் போன நாளில் பேர் (அன்றைய கூலிக்கணக்கு) விழாது. கிளினிக் கண்டியில் என்றால், நுவரெலியாவிலிருந்து சுமார் 75 கி.மீ. மலைப்பாதை. துணைக்குப் போகும் மகளின் பேரும் போகும். லயங்களுக்குத் தனி முகவரி இல்லாமையால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிச் சேர்வது நெடுநாள் வழக்கம். வந்த அறிக்கையோ ஆங்கிலத்தில். விளக்கம் பலவேளை சிங்களத்தில்.

சமாளிக்கும் வழிகள்

நேர்த்திக்கடனே முதல் துணை. மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிப்படத்தடியில் வைப்பர். மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும், தோட்டத் தொழிலே ஈன்ற தெய்வங்களான ரோதைமுனி, கவ்வாத்துச்சாமிக்கும் வேண்டுதல் வைப்பர். மார்கழி முதல் வைகாசி வரையான பருவமானால் சிவனொளிபாதமலை ஏறுவதாக நேர்ந்துகொள்வர். நேர்த்தி முடிவை மாற்றாது. ஆனால் சொல்லமுடியாத பயத்தை ஊரறியச் சொல்ல ஒரு கௌரவமான வழியைத் தருகிறது, வீட்டார் அனைவருக்கும் செய்ய ஒரு வேலையும் தருகிறது. கிளினிக் நாளைத் தவறவிட்டுக் குறி கேட்கப் போவதுதான் ஆபத்து.

இரண்டாவது, கைவேலை. காத்திருப்பைப் பற்றிய ஆய்வும் இதை ஆதரிக்கிறது. கலிபோர்னியாவில் சட்டத்தரணித் தேர்வு முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்த பட்டதாரிகளை உளவியலாளர் கேட் ஸ்வீனி ஆராய்ந்தார். கவலையை அடக்க மனத்தளவில் செய்த முயற்சிகள் பெரிதாகப் பலிக்கவில்லை. கவலையோடு காத்திருந்தவர்களோ கெட்ட முடிவு வந்தபோது அதை நன்றாகவே தாங்கினர். கவலைப்படுவது பலவீனம் அல்ல என்பதற்கு இது போதிய சான்று. ஒரு செயலில் முழுதாக மூழ்கும்போது காத்திருப்பு இலகுவாகிறது என்றும் அவர் குழுவின் பின்னைய ஆய்வு கண்டது. லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தி கிளறுவதும் மாட்டுக்குப் புல்லறுப்பதும் அத்தகையவை. மதியத்தோடு வேலை முடிந்தபின் வெறுமையாய் நீளும் பொழுதைச் சாராயத்தால் நிரப்புவோரும் உண்டு. அது தூக்கத்தைக் கெடுத்து, சிறுநீர்த் தொல்லையைக் கூட்டுகிறது.

மூன்றாவது, கேட்டுத் தெரிந்துகொள்ளல். முடிவு எந்தத் திகதிக்கு வரும், வராவிட்டால் யாரிடம் கேட்பது, தமிழில் விளக்க யார் இருப்பார் ஆகிய மூன்றையும் தோட்ட வைத்திய உதவியாளரைக் கொண்டு துண்டில் எழுதிப் போவது நல்லது. கொழும்பில் வேலைசெய்யும் மகன் அறிக்கையை வாசித்துவிட்டு, "அப்பாவுக்கு ஒன்னுமில்ல" என்று மறைப்பது அன்பின் வழக்கமாயினும் தவறு. தன் உடலின் செய்தி தனக்கே முதலில் உரியது. புற்று என்று வந்தாலும் அது உடனடி மரணச் செய்தி அல்ல. பிரித்தானியாவில் சுரப்பிக்குள் அடங்கிய புற்றுள்ள 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு எனப் பிரித்துத் தொடர்ந்த ஆய்வில், 15 ஆண்டுகளில் அந்நோயால் இறந்தவர் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. இம்முடிவு 2023இல் வெளியானது.

பயொப்சிக்குப் பின் காய்ச்சல், நடுக்கம், சிறுநீர் அடைப்பு ஏற்பட்டால் முடிவுக்கான திகதியைப் பார்த்திருக்காமல் 1990 எண்ணில் அம்பியுலன்ஸை அழைக்க வேண்டும்.

இன்றைய நிலை

இந்திய உதவியில் கட்டிய டிக்கோயா வைத்தியசாலை 150 கட்டில்களுடன் 2017 மே 12இல் திறக்கப்பட்டது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கண்டிக்கும் மஹரகமை அபேக்ஷா வைத்தியசாலைக்கும் செல்கின்றனர். காத்திருப்பின் கலக்கம் மிகும்போது அழைக்க, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.