வயல் மண்ணிலிருந்து முழங்காலுக்கு: மெலியோய்டோசிஸ் மூட்டுத் தொற்று

ஒரு முழங்கால் திடீரென வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் 'வாதம்' என்றோ 'சுளுக்கு' என்றோ எண்ணி எண்ணெய் தடவுவோர் எம்மிடையே அதிகம். அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததன் அடையாளமாக இருக்கலாம். பெரும்பாலும் ஸ்டெபைலோகொக்கஸ் பக்டீரியாவே இதற்குக் காரணம். ஆனால் வயலில் இறங்கும் நீரிழிவு நோயாளர் விடயத்தில் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அதுதான் மெலியோய்டோசிஸ்.

1912இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசுவாமி ஆகிய வைத்தியர்கள் இந்நோயை முதன்முதலில் விபரித்தனர். இலங்கையில் 1927இலேயே ஒரு நோயாளி பற்றிப் பதிவாகியுள்ளது. இதன் கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. காலிலுள்ள சிறு காயம் வழியாகவோ, சுவாசத்தின் மூலமோ, அசுத்த நீரைக் குடிப்பதாலோ உடலுக்குள் செல்லும். மழைக்காலத்தில் நோய் கூடும். நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளோருக்கு ஆபத்து அதிகம்.

நோயை உறுதிப்படுத்த, மூட்டு நீரை ஊசியால் எடுத்து, இரத்தத்துடன் சேர்த்து ஆய்வுகூடத்தில் கிருமி வளர்ப்புச் சோதனை செய்ய வேண்டும். இயன்றவரை நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குமுன் மாதிரிகளை எடுப்பது நல்லது. முன்னதாகவே பார்மசியில் மருந்து வாங்கி விழுங்கினால் கிருமி வளராமல் போகலாம். வளர்ந்தாலும் சாதாரண கிருமியென ஒதுக்கப்படும் ஆபத்து உண்டு. சிலவேளை காசநோய் என்றும் தவறாகக் கருதப்படுகிறது. எனவே, 'நான் வயல் வேலை செய்பவன், எனக்குச் சீனி வருத்தம் உண்டு' என்று வைத்தியரிடம் நாமே சொல்லிவிட வேண்டும்.

பென்சிலின், ஜென்டமைசின் போன்றவற்றுக்கு இக்கிருமி பொதுவாகக் கட்டுப்படாது. மூட்டிலுள்ள சீழைக் கழுவி அகற்றி, செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் மருந்தை நாளத்தினூடாகப் பல வாரங்கள் ஏற்றுவர். மூட்டுத் தொற்றுக்கு வழமையாக நான்கு வாரங்கள். பின்னர் கோட்ரைமொக்சசோல் மாத்திரைகளைக் குறைந்தது மூன்று மாதங்கள் எடுக்க வேண்டும். எலும்பும் பாதிக்கப்பட்டிருந்தால் ஆறு மாதங்கள் செல்லலாம்.

பலர் தடுமாறுவது இந்த இரண்டாம் கட்டத்தில்தான். வலி நீங்கி நடக்கத் தொடங்கியதும் 'சுகமாகிவிட்டது' என மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். எஞ்சிய கிருமி மாதங்கள் கழித்து மீண்டும் தலைதூக்கி, உயிரையே பறிக்கக்கூடும். வீட்டில் ஒருவர் மாத்திரை நாட்களைக் கலண்டரில் குறித்து வருவது பேருதவியாகும்.

வயலுக்கு பூட்ஸ் அணிவது, காயத்தை மூடுவது, நீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது, சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது ஆகியவை ஆபத்தைக் குறைக்கும். காய்ச்சலுடன் மூட்டு வீங்கினால் நாளை பார்ப்போம் என்றிராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.