எம்.ஜி.பி. ஜி.ரி. காரும் அதன் கடதாசிகளும்

சிட்னி, மெல்பேர்ண் பழைய கார்க் கண்காட்சிகளில் எம்.ஜி.பி. ஜி.ரி. என்ற சிறிய பிரித்தானியக் காரை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1965இல் வெளிவந்த இந்த மூடிய ஸ்போர்ட்ஸ் காரின் வடிவமைப்பில் இத்தாலியின் பினின்ஃபரீனா நிறுவனம் பங்கெடுத்தது. இங்கிலாந்தின் அபிங்டனில் 1980 வரை தயாரானது. இதன் திறந்த வகை 1963 முதல் 1972 வரை சிட்னியிலேயே பொருத்தப்பட்டது.

புதுப்பித்த காரை வாங்குவோர் பெயின்ற்றை மட்டும் பார்த்தால் போதாது. கேய்டனிலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் தருகிறது. செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், முதல் நிறம், தயாரித்த நாள் அதில் இருக்கும். பிறகு கைமாறிய வரலாற்றைப் பதிவுப் பத்திரங்களும் பற்றுச்சீட்டுகளுமே சொல்லும். இலக்கங்கள் ஒத்துப்போகவேண்டும், உரிமையாளர் வரிசையில் இடைவெளி இருந்தால் கேட்கவேண்டும். கணக்காய்விலும் இதுவே முறை.

வரலாற்று வாகனமாகப் பதிய நியூ சவுத் வேல்ஸில் 30 வருடம், விக்டோரியாவில் 25 வருடம் ஆகியிருக்கவேண்டும்; கழக உறுப்புரிமையும் வேண்டும்.

1990களின் பொருளாதாரத் தடையில், துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் நமக்கு மறக்கவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் எங்கள் கார்ப் புத்தகமும் காணி உறுதியும் ஒரே பெட்டியோடு போயின. உறுதிக்குப் பிரதி வேண்டுமென்றால் காணிப் பதிவகத்தில் கேட்கலாம். அந்தக் கார் யார் யாரை எங்கே ஏற்றியிறக்கியது என்று கேட்க ஒரு கந்தோரும் இல்லை. தெரிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு, திகதி போட்டு எழுதிவைப்போம்.