அப்காரி: தொழிலின் பெயர் வரியின் பெயரான வரலாறு

வீட்டில் ஒயின் தயாரிப்பது நகர்ப்புற இளைஞர்கள் சிலரின் பொழுதுபோக்காகியிருக்கிறது. கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், வாயு வெளியேற வழிவிட்ட ஒரு கண்ணாடிச் சாடி, சில வாரப் பொறுமை ஆகியவை போதும் என்று தொடக்கநிலையாளருக்கான காணொளிகள் சொல்லித்தருகின்றன. உரிமமின்றி வீட்டில் மது உருவாக்குவது இந்தியாவின் பல மாநிலச் சட்டங்களின்படி குற்றம் என்பதை அவற்றுள் பல சொல்வதில்லை. அது குற்றமா என்பதைவிட, எப்போதிருந்து, யாருக்குக் குற்றமாயிற்று என்பதே வரலாற்று மாணவர் எழுப்ப வேண்டிய வினா. அதற்கான விடையின் ஒரு பகுதி சட்ட ஆவணங்களில் இருக்கிறது. மறுபகுதி நாம் வழங்கும் இரண்டு சொற்களிலேயே பொதிந்திருக்கிறது.

முதற்சொல் அப்காரி. பாரசீகத்தில் ‘ஆப்’ நீரைக் குறிக்கும். ‘காரி’ செய்தலைக் குறிக்கும். மது உருவாக்கும் தொழிலுக்கு வழங்கிய இச்சொல், பின்னர் அத்தொழில்மீது விதிக்கப்பட்ட வரிக்கும் அவ்வரியை ஈட்டும் துறைக்கும் பெயராயிற்று. இரண்டாவது சொல் கலால். வடமொழியின் ‘கல்யபால’ என்னும் சொல் வட இந்திய மொழிகளில் ‘கலால்’ எனத் திரிந்து, மது வடித்து விற்பவரைக் குறித்தது. தமிழில் அது வடிப்பவரைக் கைவிட்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டது. இன்று பெட்ரோலுக்கும் கலால் வரி உண்டு. செய்பவனின் பெயர் வசூலிப்பவனின் பெயராக மாறிய இந்தப் பொருள் மாற்றத்தைத் தற்செயல் என்று ஒதுக்க இயலாது. சமூகத்தில் நடந்த ஓர் உரிமை மாற்றத்தின் மொழித்தடம் அது.

அரசு மதுவின்மீது கண்வைத்தது ஆங்கிலேயர் காலத்தில்தான் என்று கொள்வதும் பிழையாகும். அர்த்த சாத்திரத்தில் மதுவுக்கெனவே ‘சுராத்யட்சர்’ என்னும் அதிகாரி இருக்கிறார். உற்பத்தியும் விற்பனையும் அவர் கண்காணிப்பில் நடைபெற வேண்டும். எனினும், இவ்வளவு இறுக்கமான ஏற்பாட்டை வகுத்த அந்நூலே குடும்பத்தாருக்கு ஒரு விலக்கை அளிக்கிறது. சடங்கு நாட்களில் அவர்கள் வெண்சுரையும், மருந்துக்காக அரிட்டமும் செய்துகொள்ளலாம். திருவிழா, கூட்டம், யாத்திரை ஆகிய காலங்களில் நான்கு நாட்களுக்கு மது வடிக்க அனுமதி தரப்பட வேண்டும். அனுமதி பெறாதவருக்குத் தண்டம் உண்டு. நொதிக்கான பொருள்களைச் சேகரிக்கும் வேலை பெண்களுக்கும் சிறாருக்கும் உரியது என்றும் நூல் கூறுகிறது. ஆக, வருவாயில் கண்ணாயிருந்த அரசும் வீட்டின் சாடியை முற்றாக மூடிவிட எண்ணவில்லை.

பழந்தமிழ்ச் சான்று இன்னும் நெருக்கமானது. பெரும்பாணாற்றுப்படை, வீட்டில் ஆக்கிய கள்ளைத் ‘தோப்பி’ என்கிறது. அதை ஆக்கும் வினையை ‘அடு’ என்னும் சொல்லால் குறிக்கிறது. அடுப்பும் அடுக்களையும் பிறந்த வேர் அது. சோறும் கள்ளும் அன்று ஒரே வினையால் ஆக்கப்பட்டன. அந்நூலின் மற்றோர் இடத்தில் செய்முறையே விரிவாக வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய கலத்தில் ஆறவிட்டு, ‘அடை’ எனப்படும் பொருளைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் நன்கு விளைந்தபின் அரித்துப் பிழிகிறார்கள்.

இச்செய்முறையின் நுட்பம் கருதத்தக்கது. திராட்சையில் சர்க்கரை இயல்பாகவே உண்டு. ஈஸ்ட் அதை ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். தொடக்கநிலையாளர் திராட்சையில் தொடங்குவதற்கும், சாடியை இறுக மூடலாகாது என்பதற்கும் இதுவே காரணம். அரிசியில் இருப்பதோ மாவுப்பொருள். முதலில் அது சர்க்கரையாக உடைய வேண்டும், பிறகுதான் நொதிக்கும். முதல் வேலையைச் செய்ய முளைதானியமோ, பூஞ்சை படிந்த நொதிக்கட்டியோ தேவை. அசாமின் திமாசா மக்கள் ‘ஜுதிமா’ என்னும் அரிசி மதுவுக்காக அரிசிமாவோடு ஒரு மரப்பட்டையைச் சேர்த்து ‘ஹுமாவ்’ என்னும் கட்டியை இன்றும் செய்கிறார்கள். ஜார்க்கண்டின் ஹண்டியாவுக்கு ‘ரானு’ என்னும் கட்டி உண்டு. சோற்றை ஆறவிட்டுக் கட்டியைப் பொடித்துக் கலக்கும் இம்முறைகளைப் பெரும்பாணாற்றுப்படையின் வருணனையோடு ஒப்பிட்டால், ஓர் அடுக்களை அறிவு எவ்வளவு பரந்த நிலப்பரப்பில் வாழ்ந்தது என்பது விளங்கும். அதைக் காத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஜுதிமா 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

இவ்வறிவு குற்றத்தின் எல்லைக்குள் தள்ளப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1878இல் பம்பாய் அப்காரிச் சட்டமும் 1886இல் சென்னை அப்காரிச் சட்டமும் வந்தன. சிதறிக்கிடந்த சிறு வடிப்புகளை ஒழித்து, உற்பத்தியை மைய வடிசாலைகளில் குவித்து, விற்பனையைக் குத்தகைதாரரிடம் ஒப்படைப்பது பம்பாய் அரசின் போக்காக இருந்தது. குறைந்த நுகர்வில் மிகுந்த வருவாய் என்பது அக்காலக் கலால் கொள்கையின் வாய்பாடு. அதில் ஒழுக்கத்தின் குரலும் கருவூலத்தின் குரலும் ஒன்றாகவே ஒலித்தன. ஆனால், கருவூலத்துக்கு வராத மது எதுவோ அதுவே கள்ள மது என்ற வரையறை இதிலிருந்துதான் உறுதிப்பட்டது.

இதன் உச்சம் 1892ஆம் ஆண்டின் மௌராச் சட்டம். தாணே, கொலாபா மாவட்டங்களில் மதுவை மட்டும் கட்டுப்படுத்துவது போதவில்லை என்று கருதிய பம்பாய் அரசு, இலுப்பைப் பூவைச் சேகரிப்பதையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்தியது. ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்னும் பழமொழி அறிந்த நமக்கு அதன் பொருள் எளிதில் புரியும். மேற்குக் கரையின் காட்டுவாழ் மக்களுக்கு அப்பூ மதுவின் மூலப்பொருள் மட்டுமன்று. பஞ்ச காலத்தில் உணவு, மாட்டுக்குத் தீவனம். தம் மரத்தடியில் உதிர்ந்த பூவைப் பொறுக்குவதே ஐயத்துக்குரிய செயலாயிற்று.

அம்மக்களின் மறுமொழி வியப்பூட்டுவது. 1922ஆம் ஆண்டின் இறுதியில் தென் குசராத்தின் ஆதிவாசிகளிடையே தேவி இயக்கம் பரவியது. சாலாபாய் என்னும் தெய்வத்தின் கட்டளை என்று சொல்லி, மதுவையும் கள்ளையும் கைவிடுமாறு ஊர்தோறும் அவர்கள் கூடி முடிவெடுத்தனர். வீட்டில் வடிக்கும் உரிமையைப் பறித்து, கடையில் வாங்கும் கடமையை விதித்த ஏற்பாட்டை அவர்கள் குடியை விட்டே முறியடிக்க முயன்றனர். மதுக்கடைக் குத்தகைதாரர் நட்டமடைந்தனர். டேவிட் ஹார்டிமன் 1987இல் வெளியிட்ட நூல் இவ்வியக்கத்தை விரிவாக ஆராய்கிறது. மதுவிலக்கு எப்போதும் மேலிருந்து வரும் அறவுரை என்னும் எண்ணத்தை இந்நிகழ்வு கலைக்கிறது.

வங்காளத்தில் நிலைமை சற்று வேறு. பழங்குடிகள் சிலர் தம் வீட்டுத் தேவைக்கு ‘பச்வாய்’ என்னும் அரிசி மதுவை ஆக்கிக்கொள்ளக் கலால் விதிகள் இடமளித்தன. ஆனால் அர்த்த சாத்திரத்தில் ‘குடும்பத்தார்’ என்ற பொதுப்பெயரில் இருந்த உரிமை, இங்கே ‘பழங்குடி வழக்கம்’ என்னும் சலுகையாகச் சுருங்கியது. சலுகை எப்போதும் திரும்பப் பெறத்தக்கது.

இன்று நாம் பொழுதுபோக்கு என்று அழைக்கும் வீட்டு ஒயின் வேறொரு வழியில் வந்தது. பிரிட்டனில் 1953இல் சர்க்கரைப் பங்கீடு முடிந்தபின் வீட்டு ஒயின் வேட்கை பெருகியது. சி.ஜே.ஜே. பெர்ரி தொடக்கநிலையாளருக்காக எழுதிய கையேடு 1960இல் வெளிவந்தது. அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்திலேயே, 1919ஆம் ஆண்டின் வோல்ஸ்டெட் சட்டம் வீட்டுத் தேவைக்குப் பழச்சாறு ஆக்குவதற்கு விலக்களித்தது. அவ்விடுக்கில் வீட்டு ஒயின் தழைத்தது. ஒயின் அங்கே பண்பாடாகப் பார்க்கப்பட்டது. அப்பார்வை இங்கும் வந்து சேர்ந்தது. 2001இல் மகாராட்டிர அரசு திராட்சைப் பதப்படுத்தும் தொழிலுக்கெனக் கொள்கை வகுத்து ஒயினுக்குக் கலால் சலுகை தந்தது. திராட்சை வேளாண் தொழிலாயிற்று. அதே மண்ணில் நூறாண்டுக்கும் முன்பே இலுப்பைப் பூ குற்றத்தின் தடயமாக ஆகியிருந்தது.

தமிழ் வினைச்சொற்களும் இந்தப் படிநிலையைக் காட்டிக்கொடுக்கின்றன. ஒயின் ‘தயாரிக்கப்படுகிறது’. சாராயம் ‘காய்ச்சப்படுகிறது’. நொதித்தலும் காய்ச்சி வடித்தலும் வெவ்வேறு தொழில்நுட்பங்கள் என்பது உண்மை. ஆயினும் இவ்விரு வினைகளுக்கும் இடையில் இருக்கும் தொலைவு வேதியியல் வேறுபாட்டைவிட மிகப் பெரிது. ‘அடு’ என்னும் வினையில் அந்தத் தொலைவு இல்லை.

இக்கட்டுரை குடிக்கு வழக்காடுவதன்று. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். வீட்டுச் சாடியில் விளைந்த அரிசிக் கள் அன்று. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கும்வரை, நஞ்சு விற்பவனையும் நொதி காத்த மூதாட்டியையும் சட்டத்தாலும் மொழியாலும் நாம் பிரித்தறிய இயலாது. 1996ஆம் ஆண்டின் பட்டியல் பகுதிகளுக்கான பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம், போதைப்பொருளை விலக்கவோ ஒழுங்குபடுத்தவோ கிராம சபைக்கும் உரிய மட்டத்துப் பஞ்சாயத்துக்கும் அதிகாரம் தருமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. குடிக்கலாமா என்பதற்கு முன்னால், அதை முடிவு செய்பவர் யார் என்னும் வினா இருக்கிறது. தேவி இயக்கத்தார் எழுப்பியதும் அதே வினாதான்.

உங்கள் பாட்டிமாரின் பேச்சில் நொதிக்கும், அதற்கான கலத்துக்கும், புளிக்கவைக்கும் செயலுக்கும் வழங்கிய வட்டாரச் சொற்கள் இருந்தால் எழுதுங்கள். சட்டநூலில் இடம்பெறாத வரலாறு பெரும்பாலும் அத்தகைய சொற்களில்தான் எஞ்சியிருக்கிறது.