பேரனை வளர்க்கும் பாட்டியும் ‘பெற்றோர்’தான்

மலேசியப் பள்ளிகளில் குடும்பத்தாரும் ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் இடம் பெற்றோர் ஆசிரியர் சங்கம். மலாயில் பிஐபிஜி என்பர். இதற்கான தனி விதிமுறைகள் 1998இல் வந்தன. பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் இதன் உறுப்பினர்கள், தலைமையாசிரியர் ஆலோசகர். ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் நடைபெறும்.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் ‘பெற்றோர்’ என்றால் தாய் தந்தை மட்டுமல்ல. பாதுகாவலரும், பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரும் அதில் அடங்குவர். மகனும் மருமகளும் சிங்கப்பூரில் வேலை செய்ய, தோட்டத்தில் பேரனை வளர்க்கும் பாட்டி, ‘எனக்கென்ன தெரியும்’ என்று பள்ளி வாசலோடு நின்றுவிட வேண்டியதில்லை.

பால்மரம் வெட்டுவோருக்குக் காலைக் கூட்டம் தோதுப்படாது. மாலையில் வைக்கும்படி செயலவையிடம் கேட்கலாம். பெற்றோர் வருவதில்லை என்று குறைப்படும் பள்ளிகள் முதலில் கூட்ட நேரத்தைப் பார்க்கட்டும்.